நைனாவின் மஞ்சள் களி

எங்கள் நைனா இத்தாலிக்காரர். இதை நான் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் என் முகத்தை ஒரு முறையும் என் புடவையை ஒரு முறையும் பார்ப்பார். பார்க்கட்டும். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பார்வை பழகிப்போய்விட்டது.

நைனா இளவயதில் தங்கச் சுரங்கத்து வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை. அம்மா வேலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய அப்பாவும் அதே சுரங்கத்தில்தான் இறங்கி ஏறினார். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் உலக யுத்தம் வந்தது. இத்தாலிக்காரன் எதிரி நாட்டான் என்று சொல்லி நைனாவைக் கொண்டுபோய் எங்கோ கம்பிவேலிக்குள் வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் வந்து, விட்ட இடத்திலிருந்து மரம் முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். பிறகு சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறி, துரைமார்கள் மேசை நாற்காலிகளை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். நைனா கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நாளைக்குக் காலைல எனக்கு ஷிப்டு இருக்குது" என்றாராம்.

நாங்கள் என்ன ஜனம் என்பது ஊருக்கே புரியாத சங்கதி. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் எங்களைச் சட்டைக்காரப் பெண்கள் என்றார்கள். அசல் சட்டைக்காரர்களான ஆங்கிலோ இந்தியர்களோ, "உங்க அப்பா இங்கிலீஷ்காரர் இல்லையே" என்று மூக்கைச் சுளித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கிளப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் விருந்து நடக்கும். எங்களுக்கு மட்டும் கேக் வீட்டுக்கு வந்துவிடும். தின்னலாம், உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். அக்காவுக்குப் பூனைக்கண். எனக்குச் செம்பட்டைத் தலை. அதைக் கறுப்பாக்கியே தீருவேன் என்று அம்மா தேய்த்த விளக்கெண்ணெயில் ஒரு வண்டிச் சக்கரத்துக்கு ஆயுசு முழுக்க மசகு போட்டிருக்கலாம்.

எங்களுக்கு இத்தாலி பாஷையில் நாலைந்து வசவுகள் தெரியும். அதற்குமேல் தெரியாது. நைனா பேசியதெல்லாம் தமிழ்தான், ஆனால் அது சுரங்கத்துக்குள்ளே, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கற்ற தமிழ். "டேய், புடிடா, தள்ளுடா, வுடாதடா" என்று கத்தினால்தான் அங்கே உயிர் பிழைக்க முடியும். வீட்டுக்கு வந்தும் அதே குரல், அதே தமிழ். மரியாதைக்குச் சேர்க்கிற "ங்க" மட்டும் அவர் நாக்கில் ஏறவே இல்லை. வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரையே "வாடா சாமி, உக்காரு" என்று வரவேற்றவர் அவர். அம்மா அன்று இரண்டு நாளைக்குச் சேர்த்துச் செபமாலை சொன்னாள்.

வீட்டில் இத்தாலி என்று மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டுமே. நைனா பேத்தமங்களா பக்கத்து விவசாயிகளிடம் மக்காச்சோளம் வாங்கி, ராபர்ட்சன்பேட்டை மில்லில் அரைத்து வைத்திருப்பார். அடுத்த வீட்டுக்காரர்களின் ராகி மாவெல்லாம் மஞ்சளாகிறது என்று மில்காரர் ஒவ்வொரு தடவையும் அழுவார். பூசை முடிந்து வந்ததும் நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, அந்த மாவைத் தூவித் துடுப்பால் கிண்டுவார். முக்கால் மணி நேரம் கையை எடுக்கக்கூடாது. வெந்ததும் ஒரு மரப்பலகையில் கொட்டுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து, தீக்குச்சியில் சுற்றிவைத்த பொட்டலம் கட்டும் வெள்ளை நூலை எடுத்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, பளிச்சென்று துண்டு துண்டாக வெட்டுவார். கத்தி படக்கூடாது. அதன் பெயர் பொலெந்தா. அவர் ஊரில் அதற்கு உப்புப் போட்டுக் காய்ந்த மீன்தான் தோதாம். எங்கள் வீட்டில் அம்மாவின் கருவாட்டுக் குழம்பு.

மற்ற ஆறு நாளும் நாங்கள் தின்றது ராகிக் களியும் அதே கருவாட்டுக் குழம்பும். இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது வாயெடுத்தால் நைனாவுக்கு வரும் கோபத்தில் ஓடு பறக்கும். "களி வேற, பொலெந்தா வேற. களிய உருட்டலாம். இத உருட்டக் கூடாது. வெட்டணும்." அவ்வளவுதான் சட்டம். நாங்கள் களியை உருட்டி மெல்லாமல் விழுங்கிப் பழகியவர்கள். அவர் இரண்டையும் மாடு மாதிரி மென்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், கோயில் பாடகர் குழுவில் அக்காவுக்குப் பின்வரிசை. ஒருவரையொருவர் பிடித்துப்போனது கோயிலில் எல்லாருக்கும் தெரியும். அது ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான். அவருக்கு அப்பா இல்லை. அவருடைய அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் பெரியப்பா. இன்னொரு மைனில், ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டுக்கு மணி அடிக்கிற வேலை அவருக்கு. அவர் மணி அடிக்காமல் ஷாஃப்டில் கேஜ் அசையாது, வீட்டில் கல்யாணமும் அசையாது. அவர் கேட்ட கேள்வி தெருத் தெருவாக நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அவங்க இன்னா ஜனம்?"

அக்கா சோற்றைத் தள்ளிவிட்டாள். "இது நடக்கலன்னா நான் கன்னிமாடத்துல சேந்துடுவேன்" என்றாள் என்னிடம். காலை ஆறு மணிப் பூசைக்கு ஒரு நாளும் எழுந்திராதவள். சிரிப்பு வந்தது, ஆனால் அவள் பூனைக்கண் சிவந்திருந்ததைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை.

நைனாவோ தொடையைத் தட்டினார். "இன்னா ஜனம்னு நான் காட்டறேன். வரச் சொல்லு. பொலெந்தா போடறேன்."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் களி போட்ட வூடு எங்கனா உண்டா? ஜெயில்லதான்யா களி போடுவாங்க!"

"நான் ஜெயில்ல இருந்தப்போ எவனும் போடல" என்றார் நைனா.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். அவர்கள் ஞாயிறு சாயங்காலம் வருவார்கள். நைனா மத்தியானமே தன் பொலெந்தாவை முடித்துக்கொண்டு, பலகையையும் நூலையும் கண்ணில் படாமல் வைத்துவிட வேண்டும். கேசரி, பஜ்ஜி, காபி, அத்தோடு சரி. "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்ற மூன்று சொற்களை அம்மா வாரம் முழுக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். நைனா சரியாகத்தான் சொன்னார், யாரும் வராதவரைக்கும்.

அவர்கள் மத்தியானமே வந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஷிப்டு மாறிவிட்டதாம். ரவைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்துண்டோடு நின்றாள். கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரியப்பா வாசற்படியில் கால் வைத்த அதே நேரம் அடுப்பங்கரையிலிருந்து இடி இடித்தது. "யார்றா அது? உள்ள வாடா! உக்காருடா! கைய எடுக்க முடியாது!"

மாப்பிள்ளை செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பெரியப்பா உட்கார்ந்தார், எழுந்திருக்கப்போகிறவர் உட்காருவதுபோல. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் குரல் வந்த திசையில் நேரே அடுப்பங்கரைக்குள் நடந்துவிட்டார். தக்காளி மாதிரிச் சிவந்த முகத்தோடு, பனியனும் லுங்கியுமாக ஒரு வெள்ளைக்காரர் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார்.

"இது இன்னாங்கண்ணா, மஞ்சக் களியா?"

நைனாவை அண்ணா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நைனாவுக்கு வழக்கமான கோபம் பாதிதான் வந்தது. "களி இல்ல. பொலெந்தா."

"எதுவோ ஒண்ணு. கட்டி வுழுதுண்ணா. எடுங்க கைய." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பானையைத் துணியால் பிடித்துத் தரையில் இறக்கி, புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கவைக் குச்சியால் பானைக் கழுத்துக்கு முட்டுக் கொடுத்து, குச்சியின் இரண்டு நுனியையும் பாதத்தால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்றினார். பானை அசையவில்லை. ஆயுள் முழுக்க முட்டுக் கொடுத்தே பிழைத்த நைனா அந்த முட்டைக் குனிந்து குனிந்து பார்த்தார். கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் நல்லது. நைனாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, பலகையும் பானையுமாகக் கூடத்துக்கு வந்தார். அம்மா வேறு வழியில்லாமல் தட்டுகளையும் கருவாட்டுக் குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறக்கும் பொலெந்தாவைக் கொட்டி, பையிலிருந்து நூலை எடுத்து, முனைகளை விரலில் சுற்றினார்.

பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். "நல்ல காரியம் பேச வந்திருக்கோம். மொத மொதல்ல வெட்டிக் காட்டறீங்களே. நாங்க வேதக்காரங்கதான், இருந்தாலும் இது நல்ல சகுனமா படல." தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். அது எழுந்திருக்கும் அடையாளம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் ஒரு பிடி மாவுக்காக அக்காவை வேண்டாம் என்பாரா? நைனா நூலைப் பிடித்தபடியே திரும்பி அடுப்பங்கரைத் திரைச்சீலையைப் பார்த்தார். திரைக்கு அடியில் அக்காவின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. கால்விரல்கள் தரையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.

நைனா நூலைத் தீக்குச்சியில் திரும்பச் சுற்றினார். பையில் போட்டார். என்னிடம் தண்ணீர் கேட்டார். கையை நனைத்து, கொதிக்கிற பொலெந்தாவில் ஒரு பிடி பிடுங்கி உருட்ட ஆரம்பித்தார். அம்மா "அய்யோ" என்றாள், சூட்டுக்காக இல்லை. வாழ்நாளில் உருட்டாதவர் உருட்டிய அந்த உருண்டைக்கு நாலு மூலை இருந்தது. அதைப் பெரியப்பாவின் தட்டில் வைத்து, "துண்ணு" என்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியப்பா தட்டைப் பார்த்தார், நைனாவின் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு துண்டு பிட்டு, குழம்பில் தோய்த்து, விழுங்கினார். இன்னொரு துண்டு. பிறகு, "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். நாலு வாய் போனதும் எதிரில் நைனா மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். "இன்னாய்யா இது, மென்னுகினு இருக்கே! களிய முழுங்கணும்யா!"

"களி இல்ல, பொலெந்தா" என்றார் நைனா வாய் நிறைய.

"சரி, பொலெந்தா. முழுங்கு."

முழுங்கினார். புரையேறிக் கண் பிதுங்கியது. பெரியப்பா எழுந்து வந்து அவர் முதுகில் இரண்டு போட்டார். என்ன ஜனம் என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. போகும்போது, "தவக்காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் கெடையாது, அதுக்கு முன்னாடியே வெச்சுக்கலாமா?" என்பதை மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் வீடே சிரித்துக்கொண்டிருந்தது. நைனா மட்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஆறிப்போன மிச்சத்தை நூலால் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் காபி கொண்டுபோனோம்.

"எங்கம்மா இப்டித்தான் வெட்டும்" என்றார் அவர் எங்களைப் பார்க்காமல். "அது மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. கைல நூலு புடிச்சிகினு இருக்கறதுதான் ஞாபகம் கீது."

அதுவரை அந்த நூலை நான் ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போனோம். லைன் வீடு, கூடத்தில் எல்லாரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நைனா முன்னால் வைத்தார். அதன்மேல் ஆவி பறக்கும் ராகிக் களி, உருட்டாமல். பக்கத்தில் புது வெள்ளை நூல், அளவாகக் கத்தரித்து. அக்கா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"வெட்டுங்கண்ணா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அதான் கல்யாணம் முடிஞ்சிடுச்சே, இனிமே இன்னா." பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டார்.

நைனா அந்தப் பலகையையே வெகுநேரம் பார்த்தார். நூலை எடுத்து விரலில் சுற்றினார். வெட்டவில்லை. சட்டைப் பையிலிருந்த தீக்குச்சியை எடுத்து, பழைய நூலின்மேல் புது நூலையும் சுற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

"இது பொலெந்தா இல்லீங்க" என்றார். "களிங்க. உருட்டித்தான் துண்ணணும்."

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நைனா கையை நனைக்கத் தண்ணீர் கேட்டார்.