கடைமடைச் செய்திகளுக்கு என் அண்ணன் கொடுத்த சம்மதம்

வெற்றிலைத் தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், கொஞ்சம் பூ. போன வருஷம் குறுவை நடவு முடிந்த சமயத்தில், என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த தட்டில் இவற்றோடு ஒரு கைப்பேசியும் இருந்தது. கண்ணாடியில் கீறல் விழுந்த, அண்ணனின் பழைய கைப்பேசி. அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அண்ணியின் வேலைதான். நல்ல காரியத்துக்கு முன்னால் வருகிற எதுவாக இருந்தாலும், டிராக்டரானாலும் ஆட்டுக்குட்டியானாலும், அண்ணி முதலில் பொட்டு வைத்துவிடுவார். அது என்ன காரியம் என்று பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்வார்.

என் அண்ணனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமுமாக விவசாயம் பார்க்கிறவர். நல்ல உழைப்பாளி. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு காரியத்தையும் தானாக முடிவு செய்ததில்லை. எதைக் கேட்டாலும், "நாலு பேரைக் கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்பார். என்ன விதை விடுவது என்பதற்கு நாலு பேர். மாடு வாங்க நாலு பேர். மீசையை எடுப்பதா வைப்பதா என்பதற்குக்கூட ஒருமுறை பங்காளிகளைக் கலந்தார். அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதால் மீசை அப்படியே நின்றுபோயிற்று.

அண்ணிக்குப் பிரசவ வலி வந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டரம்மா வந்து நின்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "வேதாரண்யத்துலேர்ந்து அவங்க அண்ணன் பஸ் ஏறிட்டாரு. வந்துடட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..." என்று இழுத்தார். உள்ளே இருந்து அண்ணி போட்ட சத்தத்தில் அந்த வராந்தாவே எழுந்து உட்கார்ந்தது. "இப்பப் போடுறீங்களா, இல்ல நான் எந்திரிச்சு வந்து போடவா?" அண்ணன் போட்டார். அப்படிப் பிறந்தவள்தான் என் மருமகள். பொறுமையின்மையை அம்மாவின் வயிற்றிலேயே பழகிவிட்டு வந்த பெண் என்று நான் சொல்வேன்.

அந்த மருமகள்தான் இந்தக் கதைக்குக் காரணம். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். படங்களும் வீடியோக்களும் போடுகிற ஒரு செயலியில் 'கடைமடைச் செய்திகள்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற வயல்களைக் கடைமடை என்போம். செய்தியும் எங்களுக்குக் கடைசியில்தான் வரும் என்பது அவள் கணக்கு. மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு பச்சைப் புடவையைத் தொங்கவிட்டு, அண்ணனின் துண்டைக் கோட்டு மாதிரி தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து ஊர்ச் செய்தி வாசிப்பாள். முகத்தில் ஒரு சிரிப்பு வராது. கேட்கிற நமக்குத்தான் வயிறு வலிக்கும்.

"மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டதாகத் தகவல். நம் வாய்க்காலுக்கு இதுவரை வந்து சேர்ந்திருப்பது தவளை மட்டும்." இது ஒரு நாள். "மேலத்தெருப் பெரியப்பாவின் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. எலிதான் காரணம் என்று பெரியப்பாவும், பெரியப்பாதான் காரணம் என்று எலியும் தெரிவித்துள்ளனர்." இது இன்னொரு நாள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் தம்பியும், துபாயில் இருக்கும் ஊர்ப் பையன்களும் சோறு தின்பதை விட்டாலும் இதை விட மாட்டார்கள். வாய்க்காலையும் களத்துமேட்டையும் அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டிக்குப் பின்கட்டில் குடியிருக்கிற நானும் அப்படித்தான் பார்த்தேன், மறைப்பானேன்.

திடீரென்று ஒரு நாள் பக்கம் நின்றுவிட்டது. புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் இப்படி ஒரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அப்பாவோ அம்மாவோ சம்மதம் தர வேண்டும். தருகிறவர் நிஜமாகவே பெரியவர்தானா என்பதையும் அந்தச் செயலி சோதித்துக்கொள்ளும். மாதக் கடைசிக்குள் சம்மதம் வராவிட்டால் பக்கத்தை மூடிவிடுவோம், இதுவரை போட்டதெல்லாம் போய்விடும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அவளுடைய வகுப்பில் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் சேரும்போதே பிறந்த வருஷத்தைப் பொய்யாகக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி கணக்குப்படி தன் அம்மாவைவிட மூத்தவள். இவள் ஒருத்திதான் உள்ளதை உள்ளபடி போட்டிருக்கிறாள். "ஏண்டி, நீயும் ரெண்டு வயசு கூட்டிப் போட்டா என்ன?" என்று போனில் கேட்டேன். "செய்தி வாசிக்கிறவ பொய் சொல்லலாமா அத்தை?" என்றாள்.

அண்ணியிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே அண்ணன் ஒருவர்தான் கதி. அவரோ, பெண் விஷயத்தில் சம்மதம் கேட்டு ஓலை வந்துவிட்டதென்றால் அது கூட்டிப் பேச வேண்டிய காரியம் என்று முடிவு செய்துவிட்டார். அது ஒன்றைத்தான் தானாக முடிவு செய்தார் என்று நினைக்கிறேன். "சர்க்காரே சட்டம் போட்டுக் கேக்குதுன்னா சும்மாவா கேக்கும்? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா, என்னைக் கேட்டியா, உன்னைக் கேட்டியான்னு நாலு பேரு கேப்பாங்க. நீயும் வந்துடும்மா" என்று எனக்குப் போன் செய்தார். காதுகுத்துக்கு மடி கொடுத்த தாய்மாமனை விட்டுவிட்டு இதை எப்படிச் செய்வது என்று வேதாரண்யத்துக்கும் தகவல் போயிற்று. பங்காளி முறையில் மேலத்தெருப் பெரியண்ணன். சிங்கப்பூர்த் தம்பி வீடியோ காலில் வருவதாக ஏற்பாடு. நான் தேங்காய் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடா போவது?

அங்கே போன பிறகுதான் உறைத்தது. சம்மதம் சொல்ல வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் செய்தியில் வந்தவர்கள்.

பெரியண்ணன் மோட்டார்க்காரர். எலியோடு சேர்த்து அவரை வாசித்ததை அவர் மறக்கவில்லை. தாய்மாமன் விவகாரம் அதைவிட மோசம். பெண் வயதுக்கு வந்தபோது அவர் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவில் தண்ணீர் ஊற்றியதும் அடியில் ஒழுகியது. அப்போது எல்லோரும் நாகரிகமாக வாயை மூடிக்கொண்டோம். இவள் சென்ற கோடையில் அதைச் செய்தியாக்கிவிட்டாள். "வேதாரண்யத்திலிருந்து வந்த அண்டாவில் கசிவு. கீழே கரையோரம் வசிக்கும் எறும்புகள் மேடான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன." உப்பளத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற மனிதர் அவர். அங்கே வேலையாட்கள் அவரைக் கண்டால் எறும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

காப்பி ஆயிற்று. தட்டு நடுவில் வந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பாவுக்கு இந்த ஆப்பு விஷயமா..." என்று ஆரம்பித்தார். வேதாரண்யத்து மாமா கையை உயர்த்தினார்.

"மாப்ள, நான் குறுக்க நிக்க மாட்டேன். என் தங்கச்சி மவ அவ. ஆனா அந்த அண்டாவ எடுத்துடணும். இனிமே சொந்தக்காரங்களப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது."

பெரியண்ணன் உடனே, மோட்டாரையும் எடுக்க வேண்டும் என்றார். அதற்குப் பதிலாகப் பொன்மொழி, நல்லொழுக்கம் என்று வாசிக்கலாமே என்றார். தன்னிடம் நாட்காட்டித் தாள்கள் நிறைய இருப்பதாகவும், பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதாகவும் சொன்னார். கைப்பேசியில் சிங்கப்பூர்த் தம்பி தலையில் மஞ்சள் தொப்பியோடு, "ஒண்ணையும் எடுக்காதீங்க! அதுக்குத்தானே நாங்க பாக்குறோம்!" என்று கத்தினான். பெரியண்ணன் மரியாதை இல்லை என்று அவன் முகத்தைக் கவிழ்த்து வைத்தார். அண்ணி மட்டும்தான் எனக்கும் இருந்த கவலையைச் சொன்னார். "முகம் தெரியாதவனெல்லாம் பாக்குறானாமே. ஒருத்தன் ஏதோ எழுதியிருந்தான்னு இவளே சொன்னா. அது என்னான்னு யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க, அண்டாவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க." சட்டம் எதற்காக வந்ததோ அதை அந்தக் கூடத்தில் பேசியவர் அண்ணி ஒருவர்தான். அதற்கு மாமா, சொந்தக்காரர்களை விட்டுவிட்டால் முகம் தெரியாதவர்கள் தாமாக விட்டுவிடுவார்கள் என்று என்னமோ ஒரு நியாயம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியில் அண்டா போக வேண்டும், மோட்டார் போக வேண்டும், உறவினர் பற்றிய செய்தி கூடாது, பொன்மொழி உண்டு, எதையும் பெரியண்ணன் கேட்டுச் சரி சொன்ன பிறகே போட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அண்ணன் முகத்தில் நிம்மதி. நாலு பேர் ஒத்துப்போய்விட்டார்கள். மருமகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் வாசற்படியில் நின்று கேட்டாள். மூக்கு மட்டும் சிவந்தது. பக்கம் பிழைக்கும், ஆனால் அது அவளுடைய பக்கமாக இருக்காது. அது எனக்கே புரிந்தபோது அவளுக்குப் புரியாதா? தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்து, சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லி இணைப்பைத் துண்டித்து, செயலியைத் திறந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சம்மதம் தருகிறவர் பெரியவர்தானா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுமாம். "என் நரைச்ச மீசையப் பாத்துமா வயசு கேக்குது?" என்றார் அண்ணன். சம்மதம் கொடுக்கிற நேரம், படம் வேறு எடுக்கிறார்கள் என்றதும், மாமா துண்டைச் சரிசெய்துகொண்டு அண்ணனின் வலது பக்கம் போய் நின்றார். பெரியண்ணன் இடது பக்கம். அண்ணி என்னையும் இழுத்துப் பின்னால் நிறுத்தினார். கல்யாணப் படத்துக்கு நிற்பது போல நின்றோம். பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"ஒருத்தர் முகம் மட்டும்தான் தெரியணுமாம்" என்றாள் மருமகள்.

மாமா ஓரடி நகர்ந்தார். போதாது. பெரியண்ணனின் தோள் தெரிகிறது என்றது செயலி. என்னுடைய புடவைத் தலைப்பைப் பார்த்துவிட்டு மறுபடியும் மறுத்தது. தாய்மாமனை நகரச் சொல்கிற சாமான் உலகத்தில் உண்டா என்று மாமா முணுமுணுத்துக்கொண்டே சுவரோரம் போனார். கடைசியில் நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றோம். கூடத்தின் நடுவில் என் அண்ணன் தனியாக நின்றார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு. எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கம் பாக்காதீங்கப்பா. நேரே பாருங்க."

நேரே பார்த்தார். நேரே இருந்தது கைப்பேசி. அதற்குப் பின்னால் அவருடைய பெண். பெரியவர்தான் என்று அது ஒப்புக்கொண்டது. சம்மதம் தருகிறீர்களா என்று கேட்டது. கீழே இரண்டு கட்டங்கள். அண்ணன் விரலை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, இவங்க சொன்னதெல்லாம்... உனக்குச் சம்மதமா?"

இதே கூடத்தில், நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம், பட்டுக்கோட்டையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தபோது, அண்ணன் நாலு பேரைக் கலந்தார், நாற்பது பேரைக் கலந்தார். நான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவள். என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதில் குறையே இல்லை. இருந்தாலும் இது என் மனசை விட்டுப் போகவே இல்லை. அண்ணன் இப்போது தன் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் கை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டது.

மருமகள் கைப்பேசியைக் கொஞ்சம் இறக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள். "அண்டா ஒழுகுச்சுல்லப்பா."

மாமா பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணன் திரும்பவில்லை. "ஒழுகத்தான் செஞ்சுச்சு" என்றார். "கெட்டதா எவனாவது எழுதுனா அம்மாகிட்ட காட்டணும். அது ஒண்ணுதான். செய்யறியா?" அவள் தலையாட்டினாள். அவர் விரலை வைத்து அழுத்தினார்.

மாமா சாப்பிடாமல் போகிறேன் என்று எழுந்தார். வடையும் பாயசமும் இருக்கிறது என்றதும் உட்கார்ந்தார். இலை போடும் முன் நானும் அண்ணனும் கொல்லையில் கை கழுவினோம். இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ணே."

அண்ணன் கைத் தண்ணீரை உதறிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு என்னைத் தனியா நிக்கச் சொல்ல யாரும் இல்லியேம்மா."