கிராம் சாரின் அறுநூறு கலோரி

சந்தையில் அவருக்கு 'கிராம் சார்' என்று பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது பத்தொன்பது வருட உத்தியோகம். ஐந்து கிராம் பிசகினாலும் விடமாட்டார்.

அவருடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தம்பியான இவருடைய சிறுநீரகம் பொருந்தியது.

"கொடுக்கலாம். ஆனா எட்டு கிலோ குறைக்கணும், மூணு மாசத்துல," என்றார் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். "ஒரு நாளைக்கு ஆயிரத்தி ஐந்நூறு கலோரிக்குக் கீழே நீங்களா போயிடாதீங்க."

மூன்று மாதமா? அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டிலிருந்து எடுத்தால் எண் இறங்கத்தானே வேண்டும்? அறுநூறு என்று முடிவு கட்டினார். காலையில் முட்டை, மதியம் வெள்ளரிக்காய், இரவில் ஒரு கிண்ணம் சூப், எண்ணி இரண்டு துண்டு ரொட்டி. எல்லாம் எடை போட்டுத்தான்.

எடை விறுவிறுவென்று இறங்கியது. தூக்கமும் போனது. வெயிலிலும் கை ஜில்லென்றிருந்தது. யார் எது கேட்டாலும் வள்ளென்று விழுந்தார்.

"ஆள் பாதியாயிட்டீங்க சார், கோபம்தான் ரெண்டு மடங்கு!" என்றார் காய்கறிக்காரர்.

மூன்றாம் வாரம், அதே கடையில் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கும்போது கண் இருட்டியது. கல் தரையில் விழுந்தது. விழுந்த கல்லின் எடை மாறியிருக்கலாம், அதைக் கொண்டு எந்தத் தராசையும் சோதிக்கக் கூடாது; ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் கையிலிருந்து கல் நழுவியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

"ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, அதுல எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசைன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஆலோசகர். "எண்ணூறுக்குக் கீழே போறது டாக்டர் கூடவே இருந்து பார்க்கிற வைத்தியம், வீட்டுல செய்யறது இல்ல. இந்த ரிப்போர்ட்டை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது. நாலு வாரம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க, மறுபடி பார்ப்போம்."

மிச்சம் பிடித்ததாக நினைத்த நாளெல்லாம் போயிற்று. வராந்தாவில் நாலு தரம் நடந்துவிட்டு, டயாலிசிஸ் அறைக்குள் போனார். அக்காவின் கையிலிருந்து குழாய்கள் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னார்.

"அறுநூறா? அடப்பாவி! கடைக்காரங்ககிட்ட என்ன சொல்லுவே நீ? தராசுல குறைந்தபட்ச அளவுன்னு ஒண்ணு எழுதியிருக்கும், அதுக்குக் கீழே வச்சாலும் நம்பர் காட்டும், ஆனா நம்பாதேன்னு. இதையே சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்குவியே!"

"அது தராசுக்கு, அக்கா..."

"உன் உடம்பு தராசைவிட மட்டமா? எனக்குக் கொடுக்கப் போற சாமானைப் பட்டினி போட்டா கொடுப்பே?"

தனக்கு வந்திருந்த ரொட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "தின்னு. நான் பார்க்கணும்."

அவர் அவசர அவசரமாகத் தின்றார். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"மெதுவா மெல்லுடா," என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்."