அணைக்கக் கூடாத பெட்டி

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவந்தார். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் பின்சீட்டில் எதையோ போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்பில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் அம்மிக்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி. சென்னையில் யாரோ பழசு என்று கழித்துவிட்டதை வாங்கி, உள்ளே எதையோ பற்றவைத்து, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் மாட்டி, விளையாட்டைத் தவிர மற்ற எல்லாம் ஓடும்படி மாமா அதை மாற்றியிருந்தார். சினிமா, சாமி பாட்டு, யார் யாருடைய கல்யாண வீடியோவோ எல்லாம் அதற்குள் இருந்தன. நான் விளையாடத்தான் ஒன்றும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணுக்கா," என்றார் அம்மாவிடம். "இத்த அணைக்கவே கூடாது. ராவும் பகலும் ஓடிகினே இருக்கணும். அணைச்சா அப்புறம் எழுந்துக்காது. என் ரூம்ல கரண்ட் போயிப் போயி வருது. அதான் இங்க எடுத்தாந்தேன்."

அதுவும் சரிதான். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இருட்டில் கிடந்தாலும் டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நோயாளி இருப்பதுபோல ஆகிவிட்டது. பெட்டிக்குள் இருந்த காற்றாடி இடைவிடாமல் உறுமியது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் அப்பா, முதல் வாரம் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கமே வராமல் போனது. வெயில் காலத்தில் டேபிள் ஃபேன் பெட்டிக்கு, விசிறி எங்களுக்கு.

மாமா தினமும் வேலை முடிந்ததும் சூடு பார்க்க வந்துவிடுவார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதே நேரத்துக்கு மாடி வீட்டு அக்காவும் படம் பார்க்க இறங்கி வருவாள். காலேஜில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். சில நாள் அவளுடைய அப்பாவும் சாமி பாட்டுக் கேட்க வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அவர் பெர்மனன்ட், அதிலும் சீனியர். மகளுக்கு ஒரு வரன் வந்ததைப் பற்றி அப்பாவிடம் ஒருநாள், "பையன் நல்ல பையன்தான் சார். ஆனா கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட்ல இருக்கறவனுக்கு என் பொண்ண எப்படிக் குடுப்பேன்?" என்றார். அன்று மாமா கையை எடுக்க மறந்து வெகுநேரம் சூடு பார்த்தார்.

ஆயுத பூசை வந்தது. எல்லா மிஷினுக்கும் அன்று ஓய்வு தரவேண்டும் என்பதில் அப்பா கறாராக இருந்தார்.

"தெர்மல்ல பாய்லர அணைக்கறாங்களா மாமா?" என்று அப்பாவிடம் மாமா மன்றாடினார்.

"பாய்லரு ஊருக்கே கரண்ட் குடுக்குது. உன் பொட்டி என்னாத்த குடுக்குது?"

அப்பா பெட்டியை அணைத்தார். அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு முழம் பூவைச் சுற்றினாள். வீடு திடீரென்று காது அடைத்ததுபோல அமைதியாகிவிட்டது. மாமா சுண்டல்கூடச் சாப்பிடாமல் போனார்.

மறுநாள் காலையில் அப்பா பட்டனை அழுத்தினார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி வந்து அப்படியே நின்றது. அணைத்துப் போட்டார். மறுபடி அதே நாலு வரி. குங்குமத்தைத் துடைத்துவிட்டும் போட்டுப் பார்த்தார். மாமா வேலையில் இருந்தார். மைன்ஸுக்குள் போன் எடுக்காது. "என் தம்பி ஆசையா செஞ்சத கொன்னுட்டீங்களே," என்று அம்மா அழ ஆரம்பிக்க, அப்பா மெக்கானிக்கைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா வந்தது அப்போதுதான். அம்மாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பட்டன் இல்லங்க அண்ணி. இது," என்று, பெட்டியை அணைத்துவிட்டு, சிடி போடும் தட்டைத் திறக்கிற பட்டனை அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. பெட்டி உறுமியது. சினிமாப் பட்டியல் வரிசையாக வந்து நின்றது.

அம்மாவை அவள் எப்போதும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் புருஷனுடைய அக்காவைத்தான் அண்ணி என்பார்கள். அவசரத்தில் வாய் குழறிவிட்டது என்று நினைத்து, "ஆன்ட்டின்னு சொல்லுக்கா," என்று திருத்தினேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு என்னைக் கறிவேப்பிலை வாங்க அனுப்பினாள். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அடுப்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தலையைக் கோதிவிட்டபடி சிரித்தாள்.

"பொட்டி தானா எழுந்துகிச்சு. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். இனிமேலும் அணைக்கக் கூடாது," என்றாள் என்னிடம்.

வெறுங்கையோடு திரும்பிய அப்பா, "எல்லாம் பூசையோட பலன்," என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவுக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்று நினைத்தேன். சாயங்காலம் அக்காவோடு அவள் அப்பாவான மாடி வீட்டுப் பெரியவரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த அணைக்கலாம். மறுபடியும் போடத் தெரியும் அக்காவுக்கு. அக்காதான் காலைல போட்டாங்க," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமாவின் கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர் மகளை நோக்கித் திரும்பினார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்கப்பா."

அவர் முகம் பெருமையில் விரிந்தது. "பாத்தீங்களா சார்!" என்றார் அப்பாவிடம். பிறகு மாமாவைப் பார்த்து, "நீயும் கத்துக்கோ தம்பி. வெக்கப்படாத. என் பொண்ணு பொறுமையா சொல்லித் தருவா," என்றார்.

"சரிங்க," என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

அந்த அக்கா எனக்கு அத்தையானது மூன்று தீபாவளி கழித்து. அதற்குள் அம்மா எத்தனை முறை மாடிப்படி ஏறி இறங்கினாள், பெரியவர் எத்தனை மாதம் எங்களோடு பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் தனிக் கதை. அன்று எனக்கிருந்த வருத்தம் வேறு. இவ்வளவு தூரம் சுமந்து வந்து, தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தும், போடுகிற பட்டன் எது என்றுகூட மாமாவுக்குத் தெரியவில்லையே என்று நினைக்க நினைக்கப் பாவமாக இருந்தது.