படத்திலிருந்து ஆளை எடுப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல்கனியில் தேநீர்க் கோப்பையோடு நின்றால், கீழே நிற்கும் யாரோ ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைப்பார். லண்டனுக்கு வந்த புதிதில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. அட, முகம் தெரியாதவனுக்குக் கையசைக்கிற ஆட்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்களே என்று நானும் பல்லெல்லாம் தெரியக் கையசைப்பேன். அவர் மறுபடியும் அசைப்பார். நானும் விடுவதில்லை. ஒருநாள் அப்படி அசைத்துக்கொண்டிருந்த மனிதர் பொறுமை இழந்து, கழுத்தில் தொங்கிய கமராவைத் தூக்கிக் காட்டி, என்னை உள்ளே போகும்படி விரலால் சைகை காட்டினார். அப்போதுதான் விளங்கியது. அவருக்குக் கட்டடம் வேண்டும், நான் வேண்டாம்.

நான் குடியிருப்பது அறுபதுகளில் எழுப்பிய ஓர் அடுக்குமாடி. பூச்சு கிடையாது, நிறம் கிடையாது. பலகை அடித்து ஊற்றிய கொங்கிரீட்டில் அந்தப் பலகையின் ரேகைகள் அப்படியே தெரியும். மழை பெய்தால் சுவர் முழுக்கக் கறுத்துப் போகும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மேலே ஏறிவிட்டால் இறங்க மனம் வராது, இறங்கிவிட்டால் ஏற மனம் வராது. இதற்குப் புரூட்டலிசம் என்று பெயராம். இதைப் படம் பிடித்துப் புத்தகம் போடுகிறார்களாம். நல்ல கூத்து! ஆனால் அந்தக் கூத்துதான் எனக்குச் சோறு போடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் இலங்கையில், ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு மெருகு போடுகிறவனாக இருந்தேன். பெண்ணின் பருவை மறைப்பது, மாப்பிள்ளையின் வழுக்கைக்குக் கொஞ்சம் முடி வைப்பது. அந்தத் தொழில் தெரிந்ததால் இங்கே மார்ட்டின் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் கொங்கிரீட் கட்டடங்களை மட்டுமே படமெடுக்கிறவர். அவர் எடுத்து வருவதை நான் கணினியில் சுத்தம் செய்வேன். சாய்ந்த சுவரை நிமிர்த்துவேன். வானத்தைக் கறுப்பாக்குவேன், அப்போதுதான் பலகை ரேகை எடுப்பாகத் தெரியும். பிறகு கொடியில் காயும் துணி, டிஷ் அன்டெனா, ஜன்னலில் தெரியும் முகம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பக்கத்துச் சுவரில் ஒரு துண்டை நகலெடுத்து ஆளின்மேல் பூசினால் ஆள் மறைந்துவிடுவார். எங்கும் ஒரே சுவர் என்பதால் கொங்கிரீட்டில் இது ரொம்பச் சுலபம்.

ஒருமுறை மார்ட்டினுக்குக் காய்ச்சல். தெற்கே ஒரு கட்டடத்தைப் படம் எடுத்து வா என்று என்னைத் தனியாக அனுப்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடி மாடியாக ஏறி, கதவைத் தட்டி, படம் எடுக்கப் போகிறேன், வெளியே வந்து நில்லுங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். எங்கள் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அதுதானே வழக்கம். ஸ்டூடியோ கமராவோடு நான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் எல்லோரும் முகம் கழுவி, தலை வாரி, அவரவர் ஒற்றையறைக் காம்பரா வாசலில் வந்து நிற்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி முன்னால் நிற்கிற மாதிரி, கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கும். வீட்டுப் படம் என்றால் வீட்டில் இருப்பவர்களின் படம். ஆளில்லாத காம்பரா என்றால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அதை யார் படம் எடுப்பார்கள்?

பாவம், தெற்கு லண்டன் சனங்களும் வந்து நின்றார்கள். ஒரு ஜமேக்கா அம்மா உள்ளே போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மார்ட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்ல மனிதர்கள்" என்றார் கடைசியில். "ஆனால் நான் கட்டடத்தைத்தானே கேட்டேன்?" பிறகு நானே கூப்பிட்டு நிறுத்தியவர்களை நானே ஒவ்வொருவராக அழித்தேன். அந்தத் தொப்பியைக் கடைசியாக அழித்தேன்.

என் தங்கை மல்லிகாவைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்தில் பதிந்திருந்தால்தான் காம்பராவில் இருக்கலாம். அப்பா போய், அம்மாவும் வேலையிலிருந்து நின்ற பிறகு மல்லிகாவின் பேரில்தான் அந்தக் காம்பரா நிற்கிறது. ராகலையில் மரக்கறி லொறி ஓட்டும் ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் கட்டிக்கொண்டு ராகலைக்குப் போனால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள், அம்மா தெருவுக்கு வரவேண்டும். சம்பந்தி வீட்டில் போய் உட்கார அம்மா செத்தாலும் சம்மதிக்கமாட்டாள்.

அக்கரப்பத்தனையில் ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து மல்லிகா போன் பண்ணினாள். "அண்ணே, அவங்க தை வரைக்கும் பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க. நீ வந்து பேர் பதிஞ்சா போதும்னு தோட்டத்துக் கண்டாக்கையா சொல்றாரு."

என் அகதி வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது. வேலை செய்ய அனுமதி உண்டு, ஊருக்குப் போய்வர அனுமதி இல்லை. "இங்கேருந்து வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க புள்ள" என்றேன்.

"அப்ப உன்னையும் அடைச்சுத்தான் வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

தை பிறந்தது, போனது. அடுத்த போனில், மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்: "ராகலைக்காரங்க வேற எடம் பாத்துட்டாங்கண்ணே."

அவளே தொடர்ந்தாள். "படத்துல இருக்கிற ஆளுங்கள எடுக்கிறதுதான் உன் வேலையாமே, அம்மா சொல்லிச்சு. நீ ஸ்டூடியோவுல இருந்தப்ப என்னையும் அம்மாவையும் வாசல்ல வச்சு எடுத்தியே, அத அனுப்புறேன். அதுல இருந்து என்னைய எடுத்து எங்கயாச்சும் நல்ல எடமா பாத்து வையி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படம் தபாலில் வந்தது. காலை வெயிலை முதுகில் வாங்கி நான் எடுத்த படம். என் நிழல் முழங்கை விரித்தபடி முற்றத்தில் நீளமாக விழுந்திருக்கிறது. ஸ்டூடியோ முதலாளி அன்றைக்கே அதற்காக என்னைத் திட்டித் தீர்த்தார். படத்தைக் கணினியில் ஏற்றி மல்லிகாவை மெதுவாக வெட்டி எடுத்தேன். ரெட்டைச் சடையின் ஓரம்தான் சிரமம் கொடுத்தது. எனக்குத் தெரிந்த நல்ல இடம் எது? என் பல்கனியைப் படம் எடுத்து அதிலேயே வைத்தேன். சாம்பல் சுவருக்கு முன்னால், பெரட்டில் நிற்பது போலக் கையை ஒட்டிக்கொண்டு, காலடியில் நிழலே இல்லாமல் நின்றாள்.

அவள் நின்ற இடத்தை மூட லயத்துப் படத்துக்குத் திரும்பினேன். பக்கத்துக் காம்பராச் சுவரிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பூசினேன். சுவர் சரியாகவே பொருந்தியது. ஆனால் அதற்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில், அவளுடைய நிழல் ரெட்டைச் சடையோடு அப்படியே நின்றது. அதை அழிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. கை போகவில்லை. பின்னால் சுவரில் அவள் நிழல், முன்னால் முற்றத்தில் என் நிழல். அம்மா மட்டும் நடுவில் நின்று கமராவைப் பார்க்கிறாள்.