சைவ வீட்டு நாயும் நெத்திலிக் கருவாடும்

நாயைப் பற்றி நம் ஆட்கள் சொல்லிவைத்த பழமொழிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். வால் நிமிராது, குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் நிற்காது, குரைக்கிற நாய் கடிக்காது. இந்த மூன்றாவதைச் சொன்னவர் மட்டும் என் கையில் கிடைத்தால், எங்கள் வீட்டு நாயின் சங்கிலியை அவரிடம் கொடுத்து, காலை ஆறரை மணிக்குத் திருவொற்றியூர் காலடிப்பேட்டைத் தெருவில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்பேன். கடிக்காதுதான். ஆனால் கடிக்காது என்பது எதிரே வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குச் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் சின்னக் கடை. கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த தகடுகளுக்கு அடியில், ஒரு மழைநாளில் குட்டியாகக் கிடைத்தது அது. செம்பட்டை நிறம். ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. இரும்பு உருளும் சத்தத்தில் கண் திறந்த உயிர் என்பதால், டிரெய்லர் லாரி காதுக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்தாலும் கொட்டாவி விடும். கம்பிக் கட்டு தொப்பென்று விழுந்தால் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இப்பேர்ப்பட்ட வீரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். தலையில் பாத்திரம் வைத்துக்கொண்டு யாராவது நடந்துவர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் அப்படி வருகிறவர் ஒருவர்தான். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா. தலையில் அகலமான அலுமினிய அன்னக்கூடை, அதன்மேல் ஈரச் சாக்கு, இடுப்பில் ஒரு கை. அவர் தெருமுனை திரும்பினால் போதும், எங்கள் வீட்டு வீரன் இரண்டு காலில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் குரைத்து, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். மாடியில் நின்று பார்க்கும் என் மனைவிக்கு அதுதான் காலைக் காப்பியோடு கிடைக்கும் வேடிக்கை.

"ஏங்க, நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறியளா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போவுதா?"

இரும்புக்காரனுக்கு எல்லா நோய்க்கும் இரும்புதான் மருந்து. நாய் இழுத்தது, கொஞ்சம் தடித்த சங்கிலி வாங்கினேன். மேலும் இழுத்தது, மேலும் தடித்தது வாங்கினேன். கடைசியில் என் கையில் இருந்தது லாரியில் சரக்கைக் கட்டுகிற சங்கிலி. "மீனேய்" என்ற குரல் தூரத்தில் கேட்டதுமே அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாயின் கழுத்தை என் முழங்காலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வேன். நாய் இன்னும் எதையும் பார்த்திருக்காது. ஆனால் ஏதோ வரப்போகிறது என்று நானே தந்தி அடித்துவிடுவேன்.

ஒருநாள் அந்தச் சங்கிலியோடு நானும் பறந்தேன். அந்த அம்மா பின்வாங்கினார், அன்னக்கூடை சாய்ந்தது, சங்கரா மீன் தெருவெல்லாம் சிதறியது. எந்தெந்தச் சந்திலிருந்தோ பூனைகள் புறப்பட்டு வந்தன. பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத நான், ஒரு கையில் நாயும் மறு கையில் சங்கராவுமாக நடுத்தெருவில் குத்துக்காலிட்டிருந்தேன். வழுக்கி வழுக்கி ஓடியது மீன். அப்போது தலை நிமிர்ந்தால், கேட்டுக்குள் எங்கள் வீட்டு உரிமையாளர் நிற்கிறார்.

'வாடகைக்கு விடப்படும், சைவம் மட்டும்' என்று பலகை மாட்டி எங்களைக் குடிவைத்தவர் அவர். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களும் தென்காசிப் பக்கத்துச் சைவக் குடும்பம் என்பதால்தான் வீடு கிடைத்தது. நாயையும் தயிர்சாதம், பிஸ்கட், இட்லி என்று சுத்த சைவமாகவே வளர்த்தோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சார், இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். நாய் மாறணும். இல்லேன்னா அதுக்கு வேற இடம் பாத்துடுங்க. யாராவது விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நான் பதில் சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம். வேறு இடம் என்றால் எங்கே? மறுபடி அந்தத் தகடுகளுக்கு அடியிலா? மனைவி அன்றைக்குக் கேலி செய்யவில்லை. நாயின் தட்டில் தயிர்சாதத்தை இரண்டாம் முறை போட்டாள்.

மீன் சிதறிய அந்த இடத்திலேயே மீன்கார அம்மாவும் திட்டினார், சந்தேகமில்லை. ஆனால் நாயைத் திட்டவில்லை.

"இன்னா நைனா, இம்மாம் பெரிய சங்கிலி? கப்பலையா கட்டப் போற? அவன் மெர்சலாயிக் கீறான். நீ அவனவிட மெர்சலாயிக் கீற. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிகினு பயந்தா எவன் எவனக் காப்பாத்துவான்?"

மீனைக் கழுவ ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கழுவிக்கொண்டே மேலும் சொன்னார்.

"படகு கட்ட சொல்ல கயித்தக் கொஞ்சம் தொங்க வுடுவாங்க, பாத்துக் கீறியா? இஸ்துக் கட்டினா அலை வர சொல்ல கயிறு அந்துரும். தொங்க வுட்டா அலை வந்துட்டு அது பாட்டுக்குப் போயிரும்."

இரும்பு மார்க்கெட்டில் இத்தனை வருடம் உட்கார்ந்தவனுக்குக் கயிற்றைப் பற்றிப் பாடம். மறுநாளே சங்கிலியைக் கடையில் போட்டுவிட்டு, நீளமான நைலான் கயிறு ஒன்று எடுத்துக்கொண்டேன்.

போனில் நாய்ப் பயிற்சி வீடியோக்களும் பார்த்துத் தள்ளினேன். எல்லோரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான். பயப்படும் பொருளைத் தூரத்தில் காட்டு, குரைக்கும் முன்னே தின்னக் கொடு, முடியாவிட்டால் திரும்பி நடந்துவிடு. சரி என்று இட்லியைத் துண்டு துண்டாக நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அன்னக்கூடை தெரிந்ததும் இட்லியை நீட்டினேன். நாய் இட்லியை ஒருமுறை பார்த்தது, என்னை ஒருமுறை பார்த்தது, பிறகு குரைக்கப் போய்விட்டது. தேங்காய்ப் பத்தை, கேசரி, வெண்ணெய் தடவிய ரொட்டி, எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான்.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று இதைப் பார்த்த அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து, எங்கள் பக்கம் பார்க்காமலே வீசினார். ஒரு நெத்திலிக் கருவாடு. நாயின் குரைப்பு பாதியில் நின்றது. மூக்கு தரைக்குப் போனது. உலகத்தில் அப்படி ஒரு பொருள் இருப்பதையே நாங்கள் மறைத்து வைத்திருந்தோம் போல, அது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு குற்றச்சாட்டே இருந்தது.

"கடலுக்குப் பக்கத்துல வூட்ட வெச்சிகினு நாயிக்கு இட்லியா போடுவ? பாவம்யா அவன்" என்றார். "நாளைலருந்து நீ குடு. என் கையால துன்னா என் பின்னாலயே வந்துருவான். ஆனா குலைக்கிறதுக்கு முன்னாடி குடுக்கணும். குலைச்சப்பறம் குடுத்தா, குலைக்கிறதுக்குக் கூலி குடுத்தாப்ல ஆயிடும்."

ஏன் முன்னாடி என்பதை இப்படி ஒரே வாசகத்தில், நான் பார்த்த நாற்பது வீடியோக்காரர்களும் சேர்ந்து எனக்குச் சொல்லவில்லை.

ஒரு பொட்டலம் கருவாடு வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? வீட்டுக்குள் நினைக்கவே முடியாது. கடையில் போல்ட்டுகளைப் போட்டு வைக்கிற இறுக்கமான மூடி டப்பா ஒன்றில் அடைத்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். மனைவிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. "வாசல் குழாய்ல கை காலு கழுவிட்டு மேல வாங்க. சட்டையைத் தனியாப் போடுங்க. ஒண்ணும் எங்கிட்ட சொல்ல வேண்டாம்" என்று முடித்துக்கொண்டாள். உரிமையாளருக்குத் தெரியக் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்தேன். ஆனால் டப்பாவின் மூடியை நம்பலாம், பூனையின் மூக்கை நம்ப முடியாது.

"என்ன சார், உங்க வண்டிய சுத்தி தினம் பூனை மாநாடு நடக்குது?"

"இஞ்சின் சூடு சார். குளிருக்குப் படுக்குதுங்க."

அப்போது திருவொற்றியூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

முதல் வாரம் டிரான்ஸ்பார்மர்வரைதான். மீன்கார அம்மா அங்கே நிற்பார், நாங்கள் இங்கே. நாய் அன்னக்கூடையைப் பார்க்கும், உடனே என் கையிலிருந்து ஒரு நெத்திலி. பார்க்கும், ஒரு நெத்திலி. அடுத்த வாரம் இஸ்திரி வண்டிவரை நெருங்கினோம். மெல்ல மெல்ல, அவரைப் பார்த்ததும் குரைப்பதற்குப் பதில் நாய் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. 'பார், உன் ஆள் வந்துவிட்டார், எடு' என்பதுபோல. எனக்குத் தலைக்கேறிவிட்டது. மறுநாள் நேராக அவர் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். பழைய கச்சேரி பழைய சுருதியில் கிளம்பியது.

"இன்னா அவசரம் நைனா? கும்மிடிப்பூண்டி வண்டியப் புடிக்கவா போற?" என்று கேட்டுவிட்டு, தானே பத்தடி பின்னால் போய் நின்றார். தலையில் அத்தனை கனத்தோடு. அந்தப் பத்தடிக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

மாசக் கடைசி வந்தது. அதற்கு முந்திய மாலையில் உரிமையாளர் மாடிப்படியின் கீழே நின்று, "காலைல நானும் உங்களோட நடக்கறேன் சார். என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இரவெல்லாம் யோசித்தேன். அவர் பக்கத்தில் நடக்கும்போது கருவாட்டை எப்படி எடுப்பது? எடுத்தால் வீட்டின் நிபந்தனையை மீறியவன். எடுக்காவிட்டால் நாய் குரைக்கும், நாய் போய்விடும். என்ன ஆனாலும் இருக்கட்டும் என்று, பொட்டலம் கட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

காலையில் மூவரும் இறங்கினோம். அவர் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நாய் நடுவில், ரொம்ப யோக்கியமாக. இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது எதிரே அன்னக்கூடை திரும்பியது. நாயின் காது நிமிர்ந்தது, மடிந்த காதும்கூட. என் கை தானாகவே கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றியது. நாயின் தொண்டையில் உறுமல் புறப்படுவது கயிறு வழியாகவே எனக்குத் தெரிந்தது. இன்னொரு கை மடிப்புக்குப் போனது, பாதியில் நின்றது. உரிமையாளர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரிலிருந்து தெருவே கேட்கக் குரல் வந்தது.

"நைனா! கயித்த வுடு! மடியில கீறத எடு!"

கயிற்றைத் தளர்த்தினேன். பொட்டலத்தை எடுத்தேன். வாசனை எங்களுக்கு முன்னால் போய் நின்றது. நாய் அன்னக்கூடையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, தெருவில் பின்னங்கால் மடித்து உட்கார்ந்தது. நெத்திலியைக் கொடுத்தேன். அந்த அம்மா நான்கடி தூரத்தில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கடந்து போனார். ஒரு குரைப்பு இல்லை.

உரிமையாளர் மூக்கை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

"அது என்ன சார்?"

"மருந்து சார்."

"மருந்துக்குத் தலையும் கண்ணும் இருக்கே."

பொட்டலத்தை மடித்து மறுபடி வேட்டியில் செருகினேன். அவர் நாயைப் பார்த்தார். அது உட்கார்ந்தபடியே அவர் பக்கமும் திரும்பி, நீங்களும் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று பார்த்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்ரிமென்ட்ல குடித்தனக்காரங்க சைவமா இருக்கணும்னுதான் போட்டிருக்கேன். நாயப் பத்தி எதுவும் எழுதல. அது என் தப்பு." கொஞ்சம் நடந்தபின் சேர்த்துக்கொண்டார்: "ஆனா அந்த டப்பா கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது. பூனைக்குக் குளிராம், பூனைக்கு!"

பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார்: "வூட்டுக்காரரே, இன்னா சொல்ற? அவன் இருப்பானா, போவானா?"

"இருப்பான், இருப்பான்" என்றார் திரும்பாமலே. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "ஒரு நாள் பாத்து முடிவு பண்ணக்கூடாது. நாளைக்கும் வரேன்" என்றார்.

சொன்னபடியே மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மருத்துவர் சொல்லியும் நடக்காத மனிதர், இப்போது தினம் ஆறரைக்குக் கேட்டருகே எனக்கு முன்னால் நிற்கிறார். டப்பா இஸ்திரி வண்டிக்காரர் பொறுப்பில் இருக்கிறது. திரும்பும்போது கயிறு உரிமையாளர் கையில். "சார், தளர்வா, தளர்வா" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

மாடியிலிருந்து என் மனைவியும் விடுவதில்லை.

"முந்தி ஒருத்தரைத்தான் இழுத்துட்டுப் போச்சு. இப்ப ரெண்டு பேரையா?"