கல் வைத்த மோதிரம்

வெர்னான் டால்பட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜார்ஜியாவில் வீட்டுக் கூரைகளுக்குத் தார் பூசிப் பிழைத்தவன், அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டான். யாராவது தாளை நீட்டினால், "அடடா, கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேனே" என்பான். கண்ணாடி என்று ஒன்றை அவன் வாங்கியதே இல்லை. உண்மை தெரிந்தவள் மனைவி டார்லா மட்டும். ஓட்டலில் பட்டியலைப் பார்த்து அவனுக்கும் சேர்த்து அவளே சாப்பாடு சொல்லிவிடுவாள். அவன் மானத்தைக் காப்பாற்றியதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவனைக் கொன்றான். பத்து வருடம் சிறை போட்டார்கள். உள்ளூர்ச் சிறைக்கு அவள் பார்க்க வந்தபோது, "எனக்காகக் காத்துக் கிடக்காத" என்று பெரிய தியாகி போலச் சொன்னான்.

டார்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நெசமாவே நான் வேண்டாம்னா எங்கப்பா மோதிரத்த அனுப்பிடு. உனக்குத்தான் எழுத வராதே. நான் புரிஞ்சுக்கறேன்."

சிவப்புக் கல் வைத்த மோதிரம் அது. கல்யாணத்தன்று, செத்துப்போன தன் அப்பாவுடையதை அவளே அவன் விரலில் போட்டுவிட்டிருந்தாள்.

"அது வந்தா விரலோடதான் வரும்" என்றான் வெர்னான்.

புதுக் கைதிகளை முதலில் சேர்த்து, மொட்டையடித்து, தரம் பிரித்து மற்றச் சிறைகளுக்கு அனுப்பும் மாநிலச் சிறைக்கு அவனைக் கொண்டுபோனார்கள். உடைமைகளை வாங்கும் மேசையில் மிஸ் கிரேடி இருந்தார்.

"கல்லு வெச்ச மோதிரம் ஆகாது. வெறும் வளையமா இருந்தா போட்டுக்கலாம். வீட்டுக்கு அனுப்பவா, அழிச்சிடவா?"

"அனுப்பினா அர்த்தமே மாறிடும் மேடம்."

"அப்ப அழிச்சிடறேன்."

"மாமனாரோடது மேடம்."

"உனக்குப் பின்னால நிக்கிறவனுக்கும் மாமனார் இருக்காரு. சீக்கிரம் சொல்லு."

சோப்பு போட்டுக் கழற்றிக் கொடுத்தான். அனுப்பச் சொன்னான்.

தரம் பிரித்து முடியும்வரை போன் கிடையாது, கடிதம் போடலாம். பக்கத்துக் கட்டில் கிழவர் தாளோடு வந்து, "வீட்டுக்கு ஏதாச்சும் எழுதணுமா தம்பி? சொல்லு, எழுதித் தர்றேன்" என்று தானாகவே கேட்டார். மோதிரத்தைச் சிறைக்காரர்கள்தான் அனுப்பச் சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"எனக்கே எழுத வரும். கண்ணாடிதான் வீட்டுல கிடக்கு" என்றான் வெர்னான்.

அந்தப் பாழாய்ப்போன வீம்பை என்னவென்று சொல்ல? போனில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

போன் கிடைப்பதற்கு முன்பே மிஸ் கிரேடி கூப்பிட்டனுப்பினார். மேசையில் டார்லாவின் மோதிரம் இருந்தது, கல்யாணத்தன்று அவன் அவளுக்குப் போட்டது. கல் இல்லாத வெறும் வளையம்.

"தபால்ல வர்ற மோதிரத்தத் தர முடியாது. இது மாதிரி ஒண்ணப் போட்டுக்கிட்டு வந்திருந்தா நாங்க தொட்டிருக்கவே மாட்டோம்" என்றார் அவர். "கூட ஒரு சீட்டு இருக்கு. இந்தா, படி."

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

டார்லாவைத் தவிர வேறு யாரிடமும் அவன் சொல்லாத வார்த்தை அது. மிஸ் கிரேடி சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"என் வீட்டுக்காரரோட கண்ணாடி வீட்டுலயே இருந்துபோச்சு. தயவுசெஞ்சு யாராச்சும் இதப் படிச்சுச் சொல்லுங்க. வெர்னான், நான் புரிஞ்சுக்கிட்டேன்."

விட்டுப் போகும்போதும் அவன் மானத்தைக் காத்துவிட்டே போயிருந்தாள். வெர்னான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.