அரக்குச் சேலையும் ஆயாம்மா வேலையும்

எழுத்துக்கும் எனக்கும் இரண்டாம் வகுப்போடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. நிறம் மட்டும் என்னிடம் தப்பாது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. சாயம் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் வாசலிலிருந்தே சொல்லிவிடுவேன்.

அதனால், என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த படம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளைக் கோட்டு போட்டால் டாக்டர். நீலம் நர்ஸ். பச்சை, கூட்டித் துடைப்பவர்கள். அரக்குச் சேலை கட்டினால் ஆயாம்மா. படிக்கத் தெரியாதவளுக்கும் ஆள் தெரிந்துவிடும்.

நான் கட்டியிருந்ததும் அரக்குச் சேலைதான். அதே அரக்கு. போன வருடம் எங்கள் தறியில் யூனிஃபார்ம் சேலை ஆர்டர் ஓடியது. இழை விட்டுப்போன சேலையைக் கடைக்காரர் எடுக்க மாட்டார். அதெல்லாம் வீட்டுப் பொம்பளைகளுக்கு. என் பங்குக்கு ஆறு வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன பிறகுதான், அவருடைய கண்ணாடி என் பையில் கிடப்பதைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது மாடா மனுஷனா என்று அவருக்குத் தெரியாது. கண் விழித்ததும் பயந்துபோவார். உள்ளே விடும் நேரமோ நாலு மணி. அப்போது மணி பதினொன்று.

கெஞ்சிப் பார்க்கலாம் என்று வார்டு கதவுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் செக்யூரிட்டி கதவைத் திறந்துவிட்டார்.

“வெரசாப் போங்க ஆயாம்மா, சிஸ்டர் ரெண்டு வாட்டி கூப்புட்டாங்க.”

கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.

உள்ளே நீலச் சட்டை நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “மூணாம் பெட்டுக்குத் தலகாணி வெச்சுட்டு, அந்த வீல்சேரை ஓரமாத் தள்ளுங்க” என்றாள். இரண்டையும் செய்தேன். வீட்டில் நான் ஒரு டம்ளரைக்கூட நகர்த்துவதில்லை. மருமகள் பார்த்திருந்தால் அவளுக்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும்.

அவர் கடைசிக் கட்டிலில் கிடந்தார். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. கண்ணை இடுக்கி என் சேலையைப் பார்த்தார்.

“ஏனுங்க ஆயாம்மா, வெளிய எம்பட ஊட்டுக்காரி இருக்கறாளுங்களா?”

இத்தனை வருடத்தில் அவர் எனக்கு மரியாதை கொடுத்தது அன்றுதான். சும்மா விடுவேனா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அந்தம்மாவா? கேன்டீன்ல போண்டா தின்னுட்டு இருக்குதுங்க.”

“தின்னாட்டும். நேத்துலருந்து அவ பச்சத்தண்ணி குடிக்கல. எனக்கு நல்லாருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. வெளிய நக்கலாப் பேசுவா, உள்ளுக்குள்ள பயந்தாங்கொள்ளி.”

கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன்.

முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். நெசவுக்காரர் முந்தானையைத்தான் பார்த்தார்.

“இழை வுட்டிருக்குது. இது நம்மூட்டுச் சேலையாச்சே.” அப்புறம்தான் கண் மேலே வந்தது. “அடியே, நீயா?”

“யாருங்க பயந்தாங்கொள்ளி?” என்றேன்.

நர்ஸ் இப்போது தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள், வீல்சேரைப் பார்த்தாள். சிரிப்பை உதட்டிலேயே நிறுத்திக்கொண்டு, “ஏம்மா, வெளிய போங்க. நாலு மணிக்கு வேற கலர் சேலை கட்டிட்டு வாங்க” என்றாள்.

மாற்றுச் சேலை பையில் இருக்கத்தான் செய்தது. அதுவும் அரக்கு.